அப்பா தாசில்தாருக்குச் சொன்னதும் நான் ஆடிட்டருக்குச் சொன்னதும்

நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். 2007ஆம் வருஷம், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், ஆடிட் செய்ய வந்த ஒரு அம்மாவிடம் சொன்னது. அந்தப் பொய்க்கு யார் பொறுப்பு என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். தீர்ப்பு எழுதுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா, தெரியாது. ஆனால் 'தொழிலாளர்கள் பயந்துகொண்டு உண்மையைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்' என்று எங்களைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியாகிவிட்டது. பயந்தவள் பேசினால் என்ன சொல்வாள் என்றும் கொஞ்சம் கேளுங்கள்.

எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த பீஸை மேஜை மேல் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பிசிறு வெட்டி, டேமேஜைத் தனியே ஒதுக்க வேண்டும். நின்றுகொண்டே செய்கிற வேலை. காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரைக்கு வெளியே வரலாம். இதற்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். திருப்பூரில் 'ஓவர்டைம் பார்த்தேன்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'ஒன்றரை பார்த்தேன்', 'ரெண்டு பார்த்தேன்' என்பார்கள். ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டால் ரெண்டு. அப்படியென்றால் வீட்டுக்கு வர நடுராத்திரி தாண்டிவிடும்.

ஆடிட் வருகிறது என்பது ஒரு வாரம் முன்னாலேயே தெரிந்துவிடும். 'ஆடிட்டு நோம்பி' என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். மாரியம்மன் நோம்பிக்குப் போலவே வெள்ளையடிப்பு, ஒட்டடை அடிப்பு எல்லாம் உண்டு. வழியை அடைத்துக்கொண்டு கிடந்த அட்டைப் பெட்டிகள் எல்லாம் ஒரே ராத்திரியில் காணாமல் போகும். தீயணைக்கிற சிலிண்டரைத் துடைத்து வைப்பார்கள். முதலுதவிப் பெட்டிக்குச் சாவி கிடைக்கும். கட்டிங் மாஸ்டர் கையில் கம்பி வலைக் கையுறை ஏறும். அன்றைக்கு மட்டும் பளிச்சென்று ஒரு மஸ்டர் ரோல் மேஜைக்கு வரும். அதில் நாங்கள் எல்லாரும் ஐந்தரை மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள்.

கூடவே ஒரு தாள் கொடுத்தார்கள். கேள்வியும் பதிலும். எத்தனை மணி நேரம் வேலை? எட்டு. ஓவர்டைம் உண்டா? விருப்பப்பட்டால் மட்டும். கமிட்டி இருக்கிறதா? இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடுகிறது. தொழிலாளர் கமிட்டியில் நானும் ஒரு மெம்பர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பித்த மாதிரி ஆபீஸ்காரர் முன்னால் நின்று ஒப்பித்தோம். கடைசியில் அவர் சொன்னார்: "ஆர்டர் போச்சுன்னா எங்களுக்கு ஒண்ணுமில்ல அம்மணி. உங்க சோறுதான் போகும். பாத்துச் சொல்லுங்க."

இதில் மிரட்டல் மட்டும் இல்லை, நிஜமும் இருந்தது. ஆடிட்டில் தோற்றால் பையர் ஆர்டரை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்கு, வேறு நாட்டுக்குப் போய்விடலாம். கொடுக்கிற விலையை ஐந்து பைசா ஏற்றித் தருகிறேன், ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் கொடு என்று சொல்ல அவன் வருவதில்லை. விலையைக் குறை, நாளைக் குறை என்று ஒரு கையால் எழுதுகிறவன், எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே என்று இன்னொரு கையால் எழுதுகிறான். அந்த ரெண்டு கைக்கும் நடுவில் நிற்கிறவளிடம் வந்து 'பயப்படாமல் உண்மையைச் சொல்லம்மா' என்றால் அவள் என்ன செய்வாள்?

எங்கள் கம்பெனியில் கக்கூஸ் கழுவியது என் சின்னம்மா. அம்மாவுடைய கூடப்பிறந்த தங்கை. அவரையும் இன்னும் ரெண்டு பேரையும் ஒரு காண்ட்ராக்டர் மூலம் வைத்திருந்தார்கள். மூன்று பேரும் அருந்ததியர், ஒரே வளவு. அவர்களுக்கு கார்டு இல்லை, பி.எப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. கம்பெனி மஸ்டரில் பேர் கிடையாது. ஆடிட் அன்றைக்கு விடிகாலை அஞ்சு மணிக்கே வரச் சொல்லி, பினாயில் ஊற்றிக் கழுவி, அந்துருண்டை போட்டு, புதுச் சோப்பும் துண்டும் வைக்கச் செய்து, எட்டு மணிக்குப் பின் கேட் வழியாக அனுப்பிவிட்டார்கள். ஆடிட்டர் கார் முன் கேட்டில் வந்தது பத்து மணிக்கு.

அந்த அம்மா நல்லவர். மெட்ராஸ்காரர். அவரைக் குறை சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. "சாப்பிட்டீங்களாம்மா" என்று கேட்டு உட்காரச் சொன்னார். கம்பெனியில் நான் உட்கார்ந்த முதல் நாற்காலி அது. எட்டு மணி நேரம் என்றேன். விருப்பப்பட்டால் என்றேன். கமிட்டி கூடுகிறது என்றேன். அவர் முகத்தைப் பார்த்தால் நம்பின மாதிரியும் இல்லை, நம்பாத மாதிரியும் இல்லை. எழுதிக்கொண்டார். அப்புறம் தாளில் இல்லாத ஒரு கேள்வி கேட்டார். "இங்க யாரையாவது வித்தியாசமா நடத்துறாங்களாம்மா? சாதி, மதம் அந்த மாதிரி?"

"இல்லீங்க மேடம். எல்லாரும் ஒண்ணுதானுங்க."

"டாய்லெட்கூட நல்லா சுத்தமா வெச்சிருக்காங்க" என்று சொல்லிச் சிரித்தார். "ஆமாங்க" என்றேன்.

முதல் மூன்று பொய்களையும் கம்பெனி எனக்குச் சொல்லிக் கொடுத்தது. நாலாவதை யாரும் சொல்லித் தரவில்லை. அது என் வாயிலிருந்து தானாக வந்தது. இத்தனை வருஷமாக என்னை அரிப்பது அந்த நாலாவதுதான்.

ஏன் வந்தது என்றால், செக்கிங் மேஜையில் நான் யார் என்று யாருக்கும் தெரியாது. எந்த ஊர் என்று கேட்டால் அவிநாசிப் பக்கம் என்பேன். எந்த வீதி என்று கேட்டால் பேச்சை மாற்றுவேன். திருப்பூருக்கு நம் சனங்கள் வருகிறதே அதற்குத்தான். காட்டு வேலையில் பண்ணாடிக்கு நம் பாட்டன் பூட்டன் பேர் வரைக்கும் தெரியும். பனியன் கம்பெனியில் சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துவிடலாம். நான் கரைந்திருந்தேன். கக்கூஸ் போகிற நடையில் சின்னம்மா வாளியோடு எதிரே வருவார். ரெண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டோம். நான் பேசாதது வெட்கத்தால். அவர் பேசாதது என் பிழைப்பு கெடக் கூடாது என்று. ஒரு நாள்கூட அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஆடிட்டர் அம்மாவுக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'உங்கள் லிஸ்டில் இல்லாத மூன்று பேர் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் ஏன் லிஸ்டில் இல்லை, ஏன் மூன்று பேரும் ஒரே சாதி என்று கேளுங்கள். அதில் ஒருவர் என் சின்னம்மா.' கடைசி வாக்கியம் இல்லாமல் முதல் வாக்கியத்தைச் சொல்ல என்னால் முடியவில்லை. வேலை நேரத்தைப் பற்றி உண்மை சொன்னால் வேலை போகும், அவ்வளவுதான். சாதியைப் பற்றி உண்மை சொல்ல வேண்டுமென்றால் முதலில் நான் யார் என்று சொல்ல வேண்டும். தீண்டாமையைக் கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு இது புரிவதே இல்லை. யாரிடம் கேட்கிறார்களோ அவளே அவிழ்ந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் எங்கப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ஊர் டீக்கடையில் எங்களுக்கு அலுமினிய டம்ளர். கூரைச் சந்தில் செருகியிருக்கும். எடுத்துக் குடித்துக் கழுவி அங்கேயே செருகிவிட வேண்டும். மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ், பெஞ்சு. யாரோ பையன்கள் கலெக்டருக்கு மனுப் போட்டுவிட்டார்கள். தாசில்தார் ஜீப்பில் வருகிறார் என்று தகவல் வந்தது. முதல் நாள் சாயங்காலமே அலுமினிய டம்ளரெல்லாம் எங்கோ போய்விட்டது. அப்பா பண்ணையம் செய்த காட்டுக்காரர் கூப்பிட்டு, நாளைக் காலையில் கடைக்கு வந்து டீ குடி என்றார். அப்பா போனார். கண்ணாடிக் கிளாஸில் டீ குடித்தார். தாசில்தார் கேட்டதற்கு, "அதெல்லாம் இல்லீங்க சாமி, எல்லாருக்கும் ஒரே கெளாசுதானுங்க" என்றார். தாசில்தார் எழுதிக்கொண்டு போனார். அப்பா குடித்த கிளாஸைக் கடைக்காரர் உடைத்துப் போட்டார் என்று பிற்பாடு பேச்சு வந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

பள்ளிக்கூடம் போகிற வயசு எனக்கு. ஏம்ப்பா பொய் சொன்னீங்க என்று கேட்டேன். "தாசில்தாரு ஜீப்பு ஏறிப் போயிருவாரு கண்ணு. நா நாளைக்கு அந்தக் கடைக்கு முன்னாலதான நடந்து போகோணும்" என்றார்.

1955இலேயே தீண்டாமைக்குச் சட்டம் வந்துவிட்டது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் இருந்தது, அதிகாரி இருந்தார், மனு இருந்தது, ஜீப்புக்கு டீசல்கூட இருந்தது. அப்பா உண்மை சொன்னால் மறுநாள் அவர் எங்கே நிற்பார் என்பதற்கு மட்டும் எந்த ஏற்பாடும் இல்லை. இப்போது நிறையக் கடைகளில் காகிதக் கப் வந்துவிட்டது. யாருக்குக் காகிதம், யாருக்குக் கண்ணாடி என்று பார்த்தால்தான் தெரியும். விசாரணைக்கு வருகிறவர் கப்பைத்தான் பார்ப்பார்.

உண்மை பேசு என்று நமக்குச் சொல்லித் தருகிற கதை அரிச்சந்திரன் கதை. எங்கள் வளவிலும் விடிய விடியக் கூத்தாகப் பார்த்திருக்கிறேன். ராஜா உண்மையை விடமாட்டேன் என்றதால் நாடு போச்சு, பெண்டாட்டி பிள்ளை விலைக்குப் போனார்கள், கடைசியில் அவன் சுடுகாட்டில் பிணம் எரிக்கிற வேலைக்கு வந்தான். சனம் அழுகிறது. நானும் அழுதேன். வளர்ந்த பிறகுதான் உறைத்தது. உண்மை சொன்னதற்கு அவனுக்குக் கிடைத்த பெரிய தண்டனையே எங்கள் வேலைதான். அவன் எங்கள் இடத்துக்கு இறங்கி வந்தான், சாமி வந்து மறுபடி மேலே ஏற்றிவிட்டது. ஏற்கெனவே சுடுகாட்டில் நிற்கிறவன் உண்மை பேசினால் எங்கே இறங்குவான்? கதை எழுதினவருக்கு அந்தக் கேள்வி வரவில்லை.

வள்ளுவர் கொஞ்சம் பெரிய மனசு. குற்றமில்லாத நன்மை தருகிற பொய்யை உண்மையின் இடத்தில் வைத்தார். அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தேன். முடியாது. அப்பா பொய் சொன்னது தன் அவமானத்தை மறைக்க. அதில் வளவுக்கும் நட்டம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் தன்னைப் பற்றிப் பேசினார். நான் சின்னம்மாவைப் பற்றிப் பேசினேன். 'எல்லாரும் ஒண்ணுதான்' என்று நான் சொன்ன நேரத்தில் அவர் எல்லாரிலும் இல்லை. லிஸ்டிலிருந்து கம்பெனி அவரை எடுத்தது, வாயிலிருந்து நான் எடுத்தேன். என் பொய் நன்மை எதுவும் தரவில்லை. ஆடிட் பாஸானது. அடுத்த மாதம் புது ஆர்டர் வந்தது. ரெண்டு ஷிப்ட் பார்த்தோம்.

இதை ஒரு சங்கத் தோழரிடம் பல வருஷம் கழித்துச் சொன்னேன். 1984இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அந்தக் காலத்து ஆள். 'யாராவது ஒருத்தர் துணிஞ்சு ஆரம்பிச்சிருக்கணும்' என்றார். சரிதான். அந்த 127 நாளை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் ஆயிரக்கணக்கான பேராக வீதிக்கு வந்தார்கள். ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக ஒரு ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, வேலைநிறுத்தம் செய்வாயா என்று கேட்டிருந்தால் எத்தனை பேர் ஆமாம் என்றிருப்பார்கள்? தோழரிடம் இதைக் கேட்டேன். சிரித்தார். அவருடைய சங்க ஆபீசைக் கூட்டிக் கழுவியது யார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அதுவும் ஒரு பொய்தான் என்று வையுங்கள்.

ஆடிட்டே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். தொண்ணூறுகளில் பனியன் கம்பெனிக்குள் கைமடிக்கிற சின்னப் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் அந்த வரிசை போனதற்கு வெளிநாட்டுப் பையர்களின் நெருக்குதலும் ஒரு காரணம். குடிதண்ணீர் வந்தது, பெண்களுக்குத் தனிக் கக்கூஸ் வந்தது. இதையெல்லாம் இல்லையென்றால் நன்றி கெட்டவளாவேன். ஆனால் எதை எண்ண முடியுமோ அதைத்தான் தாள் எண்ணும். சிலிண்டர் எத்தனை, கதவு எத்தனை, விளக்கு எத்தனை. எண்ணுகிற இடத்திலும் பல நேரம் கூலி யார் கையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆடிட்டுக்கான பணத்தை அனேகமாகக் கம்பெனியே கட்டுகிறது. தாசில்தாருக்கு டீக்கடைக்காரர் சம்பளம் கொடுத்த மாதிரி.

இது திருப்பூர்க் கதை மட்டும் இல்லை. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்று ஒரு கம்பெனி. 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ. 8000 சர்டிபிகேட் கொடுத்தார்கள். தொழிலாளர்களை நல்லபடியாக நடத்துகிற கம்பெனி என்பதற்கு உலகம் பூராவும் செல்லுபடியாகிற சர்டிபிகேட் அது. சில வாரம்தான் ஆனது. செப்டம்பர் 11ஆம் தேதி தீப்பிடித்தது. 250க்கு மேல் செத்தார்கள். வெளியே போகிற வழி அடைத்துக் கிடந்தது. அடுத்த வருஷம் ஏப்ரல் 24, டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர். அந்தக் கட்டடத்தில் இருந்த கம்பெனிகளிலும் ஆடிட் நடந்திருந்தது. முதல் நாள் சுவரில் விரிசல் விட்டதைத் தொழிலாளர்கள் கண்ணால் பார்த்தார்கள். உள்ளே போக மாட்டோம் என்றார்கள். சம்பளத்தைப் பிடித்துவிடுவோம் என்று மிரட்டி ஏற்றினார்கள். உண்மை அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததை வைத்துக்கொண்டு மாடிப்படியில் நிற்க முடியவில்லை.

இன்னொரு விஷயம். ஆடிட் தாளில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று இருக்கும். வெள்ளைக்காரன் புண்ணியத்தில் நமக்கு அது கிடைத்த மாதிரி ஆபீஸ்காரர்கள் பேசுவார்கள். இந்த நாட்டில் 54 மணி நேரத்தை 48 ஆகக் குறைத்தது 1946ஆம் வருஷத்துத் தொழிற்சாலைத் திருத்தச் சட்டம். அந்த மசோதாவைச் சபையில் கொண்டுவந்தவர் அப்போது தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கர். எங்கள் வீட்டுச் சொத்தை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்த் திரும்பி வந்த தாளில் படித்துவிட்டு, அதுவும் இங்கே நடக்கிறது என்று நானே பொய்க் கையெழுத்துப் போட்டேன். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தையல் கம்பெனி கேட்டோடு பெரும்பாலான ஆடிட் நின்றுவிடும். நூல் எங்கிருந்து வருகிறது? மில்லிலிருந்து. அங்கே சுமங்கலித் திட்டம் என்று பேர் வைத்து, மூன்று வருஷம் ஹாஸ்டலில் அடைத்து, முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ தருகிறோம், கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லிப் பெண் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு அறிக்கை போட்ட பிறகுதான் வெளிநாட்டில் பெரிய பேச்சானது. பெரும்பாலும் தலித் பிள்ளைகள் என்று அந்த அறிக்கை சொன்னது. நமக்கு அது செய்தியா? தெருவுக்கு ஒரு பிள்ளை போயிருந்தது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் 20 வயசுத் தலித் பெண் ஒருத்தி கொலை செய்யப்பட்டாள். நாச்சி அப்பேரல் என்கிற கம்பெனியில் வேலை. அவளுடைய சூப்பர்வைசர் கைதானார். பேரை எழுதவில்லை, அவள் வீட்டார் இருக்கிறார்கள். திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸின் கம்பெனி அது. உலகத்தின் பெரிய பிராண்டுகளுக்குத் தைத்தது. ஆடிட் பார்க்காத கம்பெனி அல்ல. அங்கே வேலை செய்த பெண்கள் சூப்பர்வைசர்களின் தொந்தரவு பற்றி அதற்கப்புறம்தான் வெளியில் பேசினார்கள். ஆடிட்டரிடம் பேசாதவர்கள் யாரிடம் பேசினார்கள்? தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்திடம். பெண்கள் நடத்துகிற சங்கம், பெரும்பாலும் தலித் பெண்கள். அங்கே போய் 'நான் யார் தெரியுமா' என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை.

2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம் முதலில் போட்டது, கேப்பும் பி.வி.எச்.சும் பின்னால் வந்தன. பெண், சாதி, வெளியூர்க்காரி என்று பார்த்து யாரையும் தாழ்த்தக் கூடாது என்று சாதியைப் பேர் சொல்லி எழுதினார்கள். வேலை செய்கிற பெண்களிலேயே சிலரைச் சங்கம் தேர்ந்தெடுத்துக் கண்காணிப்பாளர்களாக லைனில் வைத்தது. சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது, கம்பெனி மீறினால் ஆர்டரில் கை வைப்போம் என்பது பிராண்டுகள் ஒத்துக்கொண்ட கட்டாயம். கார் ஏறிப் போய்விடுகிறவரிடம் சொல்வதற்கும், நாளைக்கும் பக்கத்து மிஷினில் இருக்கிறவளிடம் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் எங்கப்பாவுக்குச் சொன்னால் புரிந்திருக்கும். ஆனால் அது ஒரு கம்பெனிக் கூட்டத்துக்கான ஒப்பந்தம். அதற்கும் ஒரு பெண் சாக வேண்டியிருந்தது.

சின்னம்மா இப்போது இல்லை. உயிரோடு இருந்தபோது அந்த ஆடிட் அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன் போ" என்றார். மன்னித்தாரா, இல்லை தன்னையும் என் பொய்யில் சேர்த்துக்கொண்டாரா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

எங்கண்ணன் மகள் பெருமாநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். போன வருஷம் ஒரு ராத்திரி போன் பண்ணினாள். "அத்தை, நாளைக்கு எங்களுக்கு ஆடிட்டு. என்னையும் பேச எழுதியிருக்காங்க. என்ன சொல்லட்டும்?"

உண்மையைச் சொல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய் சொல் என்றும் வரவில்லை. "உங்க கம்பெனில கக்கூஸ் கழுவுறது யாரு? அவங்களும் நாளைக்குப் பேச வாராங்களான்னு பாரு" என்றேன்.

"அந்தக்காவா? அவங்களுக்கு நாளைக்கு லீவுன்னு சொல்லிட்டாங்க அத்தை" என்றாள்.